முதியோர் கைக்கு ஏற்ற பொருள்கள்



விருத்தாசலம் என்னும் ஊர்ப்பெயரை நீங்கள் பிரித்துப் பார்த்ததுண்டா? விருத்த என்பது முதிர்ந்த என்னும் பொருள் தரும் வடசொல். அசலம் என்றால் மலை. திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் நம் முன்னோர் அதனைத் தமிழில் வழங்கினர். முதுமையையே பெயராகக் கொண்ட அவ்வூரில் இன்று பீங்கான் தொழில் நடைபெறுகின்றது. பீங்கான் தொழிற்பேட்டை அங்கே உண்டு. அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகமும் உண்டு. பொம்மைகளும், மின்கம்பிகளுக்கு வேண்டிய காப்புப் பொருள்களும், கோப்பைகளும் அவ்வூர்ச் சூளைகளில் வேகின்றன. விருத்தாசலத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் ரயில் பாதையில் சிறிது தொலைவிலேயே பெண்ணாடம் இருக்கின்றது. நான் வாழும் ஊர் அது. முதுமையின் பெயர் தாங்கிய ஊரில் செய்யப்படும் பொருள் முதியோர் கைக்குப் பொருந்துகின்றதா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அந்த எண்ணத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

விருத்தாசலத்துக் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. குருநமசிவாயர் என்னும் துறவி திருவண்ணாமலையிலிருந்து தில்லைக்குச் செல்லும் வழியில் அவ்வூரில் தங்கினார். பசி வருத்தியது. பெரியநாயகி அம்மையை நோக்கி உணவு வேண்டிப் பாடினார். பாட்டிலே அம்மையை முதியவள் என்று பொருள்படும் சொல்லால் விளித்துவிட்டார். அம்மை முதியவளாகவே தோன்றி, கிழவியால் சோறும் நீரும் எப்படிச் சுமந்து வர இயலும் என்று கேட்டாளாம். துறவி, அம்மையின் இளமை தோன்ற மற்றொரு பாட்டுப் பாடினார். அம்மை இளநங்கையாக வந்து அன்னம் இட்டாள். பாலாம்பிகை என்னும் பெயருக்கு இக்கதையைக் காரணமாகக் கூறுவர்.

கதை எவ்வாறாயினும் ஆகுக. அம்மை கேட்ட கேள்வி இருக்கிறதே, அது நம் வீட்டு முதியோர் அனைவருடைய கேள்வியும் ஆகும். ஆனால், பாடி அவர்களை இளையவர் ஆக்கும் வரம் நமக்கு வாய்க்கவில்லை. நம்மால் ஆவது ஒன்று உண்டு. சுமப்பவரை மாற்ற முடியாவிட்டாலும், சுமக்கும் பாத்திரத்தை மாற்றலாம் அல்லவா?

முதுமையில் உடம்பு எவ்வாறு மாறுகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்வோம். நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் வில்லை வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கத் தொடங்குகின்றது. அருகில் உள்ள எழுத்து மங்குகின்றது. பின்னர் அவ்வில்லை மஞ்சள் நிறம் ஏறித் தடிக்கின்றது. இருபது வயதினர் கண்ணுக்குள் புகும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஒலிகளை. விரல் மூட்டுகள் வீங்குகின்றன, பிடி தளர்கின்றது, தோல் உலர்ந்து வழுக்குகின்றது. இவை நோயாளிகள் சிலருக்கு மட்டும் உரியவை என்று எண்ணாதீர்கள். 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். நீண்ட நாள் வாழும் பேறு பெற்றவர் அனைவரும் அந்த வரிசையில் சென்று நிற்க வேண்டியவர்களே.

பெரிய எந்திரங்களை விட்டு, ஒரு சிறு கோப்பையை எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருந்தார். காப்பியில் மிகுந்த விருப்பம் உடையவர். ஒரு காலத்தில் உறவினர் வீடுகளுக்குச் சென்றால் காப்பி வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். பின்னர்ச் சொந்த வீட்டிலும் பிறர் முன்னிலையில் அருந்துவதை நிறுத்தினார். வயதாகிவிட்டது, காப்பியை விட்டுவிட்டார் என்று வீட்டார் எண்ணினர். அவர் விட்டது காப்பியை அன்று, கோப்பையைத்தான். அவருடைய வீங்கிய விரல் கோப்பையின் காதுக்குள் நுழையவில்லை. நுழைந்தாலும் கை நடுங்கிக் காப்பி சிந்தியது. பேரப் பிள்ளைகள் பார்க்கும்படி மடியில் சிந்திக்கொள்வதைவிட வேண்டாம் என்று சொல்லிவிடுவது அவருக்குக் கௌரவமாகத் தோன்றியது.

அந்தக் கோப்பையின் குறை யாது? வெறுங்கோப்பை 150 கிராம். அதில் ஊற்றும் காப்பி ஏறத்தாழ 150 கிராம். ஆக 300 கிராம். இது பெரும் பாரமன்று. ஆனால் ஒரு விரல் மட்டும் நுழையும் காதைப் பிடித்துத் தூக்கும்போது, கோப்பை வெளிப்பக்கமாகச் சாய முயல்கின்றது. அச்சாய்வைத் தடுக்கக் கட்டைவிரல் மேலிருந்து இறுக அழுத்த வேண்டும். மூட்டுவாதம் உள்ளவருக்கு வலி தருவது பாரத்தைவிட இந்த அழுத்தமே. காதுக்குள் இரண்டு விரல்கள், மூன்று விரல்கள் நுழையுமானால் சுமை பகிரப்படுகின்றது. சாய்வும் எளிதில் அடங்குகின்றது. பௌதிகப் பாடத்தில் நீங்கள் படிக்கும் நெம்புகோல் தத்துவம் இதுதான். பாடத்தில் மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் அது ஏற்பட்டதன்று. பாட்டி காப்பி அருந்துவதற்கும் ஏற்பட்டது.

அப்படியானால் காதைப் பெரிதாக வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். செய்முறையை அறிந்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். களிமண்ணைக் குழம்பாகக் கரைத்துப் பாரிஸ் சாந்தினால் ஆன அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, உள் ஓரத்தில் களிமண் படலமாகப் படிகின்றது. எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் கோப்பையின் உடல் கிடைக்கின்றது. காதைத் தனியே வார்த்துக் களிமண் குழம்பையே பசையாகக் கொண்டு ஒட்டுகிறார்கள். பின் உலர்த்திச் சூளையில் இடுகிறார்கள். உலரும்போதும் வேகும்போதும் மண் சுருங்குகின்றது. கலவைக்கு ஏற்ப நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்குவது இயல்பு. அச்சில் 40 மில்லிமீட்டர் உயரமுள்ள துளை சூளையை விட்டு வெளிவரும்போது 35 மில்லிமீட்டர் ஆகிவிடும். களிமண் நிலையில் இரு விரல் நுழைந்த காதில் முதியவர் ஒருவரின் வீங்கிய விரல்கள் இரண்டும் நுழையா. சுட்டபின் 40 மில்லிமீட்டர் வேண்டுமானால் அச்சிலேயே 46 மில்லிமீட்டர் வைக்கவேண்டும். சூளைக்குச் சென்ற பிறகு இரங்கிப் பயனில்லை. முதியவரை நினைக்கவேண்டிய நேரம் அச்சுச் செய்யும் நேரமே.

இதைப் பற்றிப் பட்டறை ஒன்றில் வயது முதிர்ந்த தொழிலாளி ஒருவரிடம் பேசினேன்.

"ஓர் அச்சு எத்தனை கோப்பைக்குத் தாங்கும், ஐயா?" என்றேன்.

"நூறு கோப்பை வார்ப்பதற்குள் ஓரம் மழுங்கிவிடும். பிறகு புது அச்சு ஊற்றிக்கொள்வோம்" என்றார்.

"புது அச்சு ஊற்றத்தானே போகிறீர்கள்? மூல வடிவத்தை ஒருமுறை திருத்திக் காதைப் பெரிதாக்கினால் என்ன?"

"காது பெரிதானால் சூளைத் தட்டில் இடம் அடைக்கும். தட்டில் நாற்பது வைக்கும் இடத்தில் முப்பதுதான் வைக்கலாம். எரிபொருள் செலவை யார் கொடுப்பது?"

அவர் சொன்னது நியாயம். தொழிலின் கணக்கை அறியாத அன்பு தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும். ஆயினும் சிறிது எண்ணிப் பார்த்தோம். கோப்பையைத் தூக்கும்போது விரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. ஆகவே துளை உயரவாக்கில் நீண்டால் போதும்; பக்கவாட்டில் நீள வேண்டுவதில்லை. தட்டில் பிடிக்கும் இடமும் மிகுவதில்லை. அவர் ஒரு கோப்பையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செய்யலாம். ஆனால் இதுவரை யாரும் வந்து கேட்கவில்லையே!" என்றார்.

நண்பர்களே, இந்தப் பேச்சின் கருப்பொருள் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றது. ஏன் யாரும் கேட்கவில்லை? செருப்புக் கடித்தால் இளைஞன் செருப்பைக் குறை கூறுகிறான். கோப்பை பொருந்தாவிட்டால் முதியவர் கோப்பையைக் குறை கூறுவதில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்கிறார். பொருளின் குற்றத்தைத் தம் உடம்பின் குற்றமாக ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டபின் கடைக்காரரிடம் எதைக் கேட்பார்? கடைக்காரர் பட்டறைக்கு எதைச் சொல்லியனுப்புவார்? இவ்வாறு அவருடைய மௌனமே அச்சாகிவிடுகின்றது.

நம்மவர்க்கு இந்த நோக்கு புதியதன்று. வெற்றிலை பாக்கு இடிக்கும் சிற்றுரலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் இழந்தவர் வெற்றிலையையும் பாக்கையும் மெல்ல இயலாது. அதற்காக அவர் தாம்பூலத்தைத் துறக்கவேண்டும் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. பல் செய்யும் வேலையைச் செய்யக் கைக்கு அடக்கமான ஓர் உரலையும் உலக்கையையும் செய்து கொடுத்தனர். எங்கள் பெண்ணாடத்துச் சிவன் கோயில் விமானம் பின்புறத்தில் தூங்கும் யானையின் உடல்போல் வளைந்திருக்கும்; தூங்கானைமாடம் என்பது அதன் பெயர். யானையின் உடலுக்கு ஏற்பக் கட்டடத்தை வளைக்கத் தெரிந்த நாட்டில், பாட்டியின் விரலுக்கு ஏற்பக் களிமண்ணை வளைப்பது அரிய செயல் ஆகுமா?

கருவி கைக்குப் பணிய வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று ஒன்று உண்டு. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி 1918 இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். இளம் மருத்துவராக இருந்தபோதே கடுமையான மூட்டுவாதம் அவரைத் தாக்கிற்று, விரல்கள் கோணிப்போயின. அத்தகைய கை அறுவைக்கு உதவாது என்றே யாரும் சொல்வர். அவரோ தம் கைக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கண் அறுவையைப் பயின்றார். பிற்காலத்தில் அந்தக் கை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றபின், 1976 இல் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அம்மருத்துவமனை. கண்புரை நீக்கியபின் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழை முதியோர்க்கு எட்டாத விலையில் இருந்தது. 1992 இல் அரோலேப் என்னும் நிலையம் மதுரையிலேயே அதனைச் செய்யத் தொடங்கியது. விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிற்று. கோணிய விரலைக் கைவிடாமல் கருவியை மாற்றியதால் விளைந்த நன்மை எத்துணைப் பெரிது என்று பாருங்கள்.

பிற நாடுகளிலும் இவ்வாறு எண்ணியோர் உண்டு. அமெரிக்காவில் பட்ரீசியா மூர் என்னும் வடிவமைப்பாளர், தாம் பணிபுரிந்த அலுவலகத்தில், மூட்டுவலி உள்ளவரும் எளிதில் திறக்கும்படி குளிர்சாதனப் பெட்டியின் கதவை அமைக்கலாகாதா என்று கேட்டார். அத்தகையோர்க்காக நாம் வடிவமைப்பதில்லை என்ற கருத்தில் விடை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 26. 1979 முதல் 1982 வரை அவர் எண்பது வயதைக் கடந்த மூதாட்டிபோல் வேடம் பூண்டு, கண்ணை மங்கச் செய்யும் கண்ணாடி அணிந்து, காதை அடைத்து, மூட்டுகளைத் துணியால் கட்டி, அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் நடந்து பார்த்தார். படி எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு கனம், மனிதர் முகம் எவ்வளவு விரைவில் திரும்பிக்கொள்கின்றது என்பவற்றையெல்லாம் தம் உடம்பாலேயே அளந்தார்.

சாம் ஃபார்பர் என்பவர் கதை இன்னும் எளியது. அவர் மனைவிக்குக் கைகளில் மூட்டுவாதம் இருந்தது. காய்கறித் தோல் சீவும் கருவியின் மெல்லிய உலோகப் பிடி அவர் கையை வருத்தியது. தடித்து, மென்மையாக, ஈரத்திலும் வழுக்காத பிடியோடு 1990 இல் ஃபார்பர் புதிய கருவிகளை வெளியிட்டார். ஆக்ஸோ என்பது அவற்றின் பெயர். முதியோர் மட்டும் அவற்றை வாங்கவில்லை. சமையலறையில் நிற்கும் எல்லாரும் வாங்கினர். தளர்ந்த கைக்கு இசைந்தது வலிய கைக்கும் இன்பமாக இருந்தது. முதியோர்க்கெனச் செய்வது சிறுபான்மையோர்க்குச் செய்யும் தருமம் என்பாருக்கு இதுவே மறுமொழி.

முதியோரை மறந்தால் இளையோருக்கும் கேடு வரும் என்பதைக் காட்ட ஒரு மூடியின் வரலாறு போதும். குழந்தைகள் மருந்தை எடுத்து விழுங்கிவிடாதபடி கடினமான மூடிகள் இட வேண்டும் என்று 1970 இல் அமெரிக்காவில் சட்டம் செய்தனர். நல்ல சட்டம், பல குழந்தைகள் பிழைத்தனர். ஆனால் குழந்தைக்குத் திறவாத மூடி பாட்டிக்கும் திறக்கவில்லை. திறக்க முடியாதவர்கள் மூடியைத் தளர்த்தியே வைத்தனர். சிலர் மருந்தை வேறு குப்பிக்கு மாற்றினர். பாட்டி வீட்டுக்கு வந்த பேரன் கைக்கு மருந்து எளிதில் எட்டியது. ஆகவே 1995 இல் விதியைத் திருத்தினர். இத்தகைய மூடிகளை 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம் கொடுத்து, அவர்களால் திறக்க முடிகின்றதா என்று சோதிக்க வேண்டும் என்றனர். முதியவரைச் சோதனைக்கு அழைத்த பிறகே குழந்தையின் காவல் முழுமை பெற்றது.

மீண்டும் நம் பீங்கானுக்கு வருவோம். பழைய திருகு குழாயில் நீரை நிறுத்தப் பலமுறை சுற்றி இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேயத் தேய இன்னும் இறுக்க வேண்டும். ஈரக் கையால் முதியவருக்கு அது ஆகாத வேலை. புதுவகைக் குழாய்களில் நன்றாகத் தேய்த்து மெருகேற்றிய இரண்டு பீங்கான் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றன. நீண்ட பிடியைக் கால் வட்டம் திருப்பினால் துளைகள் நேர்ப்பட்டு நீர் வரும். திருப்பி வைத்தால் நின்றுவிடும். புறங்கையாலும் அதனைத் தள்ளலாம். அவ்வாறே குளியலறைத் தரைக்குக் கண்ணாடிபோல் மின்னும் ஓடுகளைப் பதித்து, நீர் பட்டதும் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தோர் பலர். சொரசொரப்பான மேற்பூச்சும் அதே சூளையில் வேகக் கூடியதே. முழங்கால் மடங்காதவர்க்கு ஏற்ற உயரமான கழிப்பறைப் பீடமும் அத்தகையதே. 1970 இல் பிரான்சில் பியேர் பூத்தேன் என்னும் மருத்துவர், தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாகப் பீங்கான் மூட்டையே பொருத்தினார். உடம்புக்குள் புகுந்தே முதியவருக்குத் தோள் கொடுக்கும் பொருள், கோப்பையாகவும் தரையாகவும் இருக்கும்போது அவரை வருத்தலாமா?

இன்று மண்ணும் உலோகமும் மட்டும் நம் கருவிகள் அல்ல. கைப்பேசியின் கண்ணாடித் திரை விரலின் மின்தன்மையை உணர்ந்து செயல்படுகின்றது. உலர்ந்து தடித்த விரலை அது சில வேளை உணர்வதில்லை. நடுங்கும் விரல் ஒருமுறை தொட எண்ணி இருமுறை தொட்டுவிடுகின்றது. வெண்மைமேல் சாம்பல் நிற எழுத்து இளங்கண்ணுக்கு அழகு. முதிய கண்ணுக்கு வெறுந்தாள். மெல்லிய கீச்சொலியால் எச்சரிக்கும் எந்திரம் யாருக்கு எச்சரிக்கை தருகின்றதோ, அவர் காதில் அவ்வொலி விழுவதில்லை. வயலிலும் சூளையிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரலை, விரல்ரேகை பார்க்கும் எந்திரம் அடையாளம் காணத் தவறுகின்றது. உழைத்ததற்குக் கிடைத்த தழும்பே உரியதைப் பெறத் தடையாகின்றது. கருவிழியைக் கொண்டு அடையாளம் காணும் முறை வந்தபின் இத்துன்பம் குறைய வழி ஏற்பட்டது. அங்கும் குறை விரலில் இல்லை என்று யாரோ ஒருவர் எண்ணியதால்தான் மாற்றம் பிறந்தது.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். முதியோர்க்கு என்று பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, மருத்துவமனைச் சாமான்போல் ஒரு பொருளைச் செய்து கொடுத்தால் அவர்கள் அதனைத் தொடமாட்டார்கள். தளர்ச்சியை ஊரறியக் காட்டும் கருவியை யார் விரும்புவர்? எல்லாரும் பயன்படுத்தும் பொருளிலேயே அவர்கள் கைக்கும் இடம் இருக்க வேண்டும். விருந்தில் அனைவர்க்கும் ஒரேவகைக் கோப்பை; அதன் காதில் பாட்டியின் விரலும் நுழைய வேண்டும். இரக்கத்தால் தனிக்கோப்பை கொடுப்பதைவிட, பொதுக்கோப்பையை ஒழுங்காகச் செய்வதே மரியாதை.

உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் தொழில் நடத்துவீர்கள். சிலர் கணினிக்கு நிரல் எழுதுவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஓர் அளவுகோலும் ஓர் ஏடும் போதும். உங்கள் வீட்டு முதியவரிடம் சென்று, எது முடியவில்லை என்று கேளாதீர்கள். எந்தப் பொருள் சரியில்லை என்று கேளுங்கள். முதலில் ஒன்றும் இல்லை என்பார். சற்று உடன் அமர்ந்திருங்கள். எந்த மூடியை அவர் பிறரிடம் நீட்டுகிறார், எந்தக் குழாயை இறுகத் திருகாமல் விடுகிறார், எந்தப் படியில் சுவரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். துளை எத்தனை மில்லிமீட்டர், படி எத்தனை சென்டிமீட்டர், எழுத்து எத்தனை சிறியது என்று அளந்து எழுதுங்கள். எழுதியதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். அங்கே தேய்ந்த அச்சுக்குப் பதிலாகப் புதிய அச்சு எப்படியும் ஊற்றப்படும். அதில் எந்த அளவை வைப்பது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.